சத்தம் வைக்காத சீரியல்

வீட்டை ஆள்கிறவளுக்கு,

முட்டிவலி தேவலையா? மாமாவுக்கு இருமல் நின்றதா? நான் நலம். எழுத்து கோழி கிறுக்கியது போல இருக்கும், பயப்படாதே. நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து இஸ்திரிப் பெட்டி வலது கையைக் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். மாமாவிடம் சொல்லாதே.

கட்டு மாற்ற ஆஸ்பத்திரியில் பத்து நாள் காத்திருந்ததில் இந்த ஊர் பாஷையில் ஒரு நல்ல சீரியல் பார்த்தேன். நீ அவசியம் பார். அங்கே டிவிக்குச் சத்தம் வைக்க மாட்டார்கள், அதனால் வசனமெல்லாம் நானே போட்டுக்கொண்டேன். கதாநாயகி வாயைத் திறந்தாலே, "இந்த மனுசன் ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்காரா?" என்று உன் குரல்தான். தனியாகச் சிரித்தேன். நர்ஸம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"அது தமிழ்லயும் வருதுண்ணே" என்றான் அறையில் கூட இருப்பவன். பார்த்து ஒன்றே ஒன்று சொல். நேற்றைய கடைசிக் காட்சியில் கணவன் பெட்டியோடு வாசலில் நிற்கிறான், அவள் அழுகிறாள். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் கிளம்புகிறானா, திரும்பி வந்திருக்கிறானா? கட்டுப் பிரித்தாயிற்று, இனி அந்த டிவி பக்கம் போக வழியில்லை.

கையில் சுற்றிக்கொள்ளப் பழைய வேட்டித்துணி இரண்டு அனுப்பு. மணி அடித்துவிட்டது, துணி மடிக்கப் போக வேண்டும்.

நான் அந்தக் கணவனுக்கு, "வந்துட்டேன், கதவத் திற" என்று வசனம் போட்டு வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் மட்டும் எழுதாதே.

உன் மனுசன்