குற்றம் எழுதாத நோட்டீஸ்

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறுவதில்லை.

விசாரணையில் நீ சொன்னதற்குப் பிறகு உன்னோடு எனக்குப் பேச்சில்லை. பிரஸ் மெஷினில் விரல்களை இழந்தவன் நம் பட்டறை ஆள்தான், பாவம்தான். கவனக்குறைவாக வேலை செய்தான், அதனால் நஷ்டஈடு கேட்கும் உரிமையை இழந்தான் என்று வக்கீல் அழகாக முடித்திருப்பார். நீ எழுந்து, பாதுகாப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது அண்ணன்தான், பக்கத்தில் நின்று கேட்டேன் என்றாய். கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா அது?

இனி நீ இந்த வீட்டுக்கு வரக்கூடாது, அம்மாவைப் பார்க்கக்கூடாது. வக்கீல் ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதித் தந்திருக்கிறார். வீடு அம்மா பேரில் இருப்பதால் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதற்குமுன் ஒருமுறை படித்து, பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. நம் வீட்டு இங்கிலீஷ் காகிதம் எதுவும் உன் கண் படாமல் வெளியே போனதில்லை. உன்னிடம் இருக்கும் வாசல் சாவியையும் சேர்த்து அனுப்பு.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னைத் துரத்தும் நோட்டீஸை என்னிடமே திருத்தக் கொடுக்க உன்னால்தான் முடியும். எங்கள் அகராதி அலுவலகத்தில் காட்டினேன், மேஜைக்கு மேஜை சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவைப் பார்க்கக்கூடாது என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

சரி, வேலையைப் பார்க்கிறேன். நான் என் உரிமைகளை 'ஃபார்ஃபிட்' செய்துவிட்டதாக, அதாவது இழந்துவிட்டதாக, வக்கீல் பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறார். 'வெளியே', 'செய்வது' என்ற இரண்டு லத்தீன் சொற்கள் கூடிப் பிறந்தது அது. வரம்புக்கு வெளியே போய்ச் செய்த காரியம் என்று பொருள். பழைய பிரெஞ்சில் குற்றத்துக்கே அதுதான் பெயர். பிறகு குற்றத்துக்கான தண்டத்துக்குப் பெயரானது, அப்புறம் பறிபோன பொருளுக்கு. குற்றம் மெல்ல நழுவிப்போய், பறிப்பது மட்டும் நிலைத்துவிட்டது. உன் நோட்டீஸும் அப்படித்தான் இருக்கிறது.

என் மாடியறை உன்னிடம் 'எஸ்சீட்' ஆகுமாம், அதாவது உன் கைக்கு வந்து சேருமாம். வாரிசில்லாதவன் நிலமும் பெருங்குற்றம் செய்தவன் நிலமும் பிரபுவின் கைக்குப் போய்ச் சேர்ந்த காலத்துச் சொல் அது. அப்படிப் பறிக்கப் போன அதிகாரிகள் அடித்த கூத்தில்தான், இன்று ஏமாற்றுவதை நாம் 'சீட்டிங்' என்கிறோமே, அந்தச் சொல்லே பிறந்தது. வக்கீலிடம் மறக்காமல் சொல்.

இலக்கணப் பிழை இல்லை. ஒரே ஒரு குறை. இவ்வளவும் என்ன குற்றத்துக்காக என்று எங்கேயும் எழுதவில்லை. அந்த இடத்தில் சேர்க்க வேண்டிய வரியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: 'பாதுகாப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னது தன் அண்ணன் என்று விசாரணையில் உண்மையைச் சொன்னாள்.'

என் குற்றத்தை எழுதி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
குட்டி


மார்ச் 15

குட்டிக்கு,

நீ அகராதி பிடித்தவள் என்று சின்ன வயதிலேயே சொன்னேன். வேலையும் அங்கேயே கிடைத்தது.

சிவப்பு வரியை விட்டுவிட்டு, சுத்தமாக டைப் அடித்து அம்மாவிடம் கொண்டுபோனேன். தமிழில் சொல்லச் சொன்னாள், சொன்னேன். "அவ என்ன தப்பு பண்ணான்னு இதுல எங்கடா இருக்கு?" என்றாள். அதெல்லாம் எதுக்கும்மா, கையெழுத்துப் போடு என்றேன். "தப்பு என்னன்னு எழுதிட்டு வா, போடறேன்" என்று கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து மூடிவிட்டாள்.

அதை எழுதினால் என் கழுத்துக்கு நானே சுருக்கு மாட்டிக்கொள்வேன் என்று வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். அன்றிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீ திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறாய். இங்கே வராதே. சாவி இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

திட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிழை பார்க்கச் சொன்னாய், பார்த்தேன்.

நேற்று உன் பட்டறை ஆளைப் போய்ப் பார்த்தேன். இடது கையால் சட்டைப் பொத்தான் மாட்டப் பழகிக்கொண்டிருந்தார். "மொதலாளி நல்லவருதாம்மா. ஆர்டர் அவசரத்துல கழட்டச் சொல்லிட்டாரு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. நீ கழற்றச் சொன்ன கம்பிக்கு அவருடைய கவனக்குறைவு என்று பேர் வைத்து, அவர் உரிமையைப் பறிக்கப் பார்க்கிறாய். அடுத்த விசாரணையிலும் நான் அதையேதான் சொல்வேன். அதற்குள் நீயே சொல்லிவிட்டால் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன்.

நீ என்ன எழுதினாலும் எனக்கு அண்ணன்தான். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் மாடியறையில் போய் இரு, நான் அம்மாவோடு கீழே உட்கார்ந்துகொள்கிறேன்.

சாவியை அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டுத்தான் வாசல் கதவைத் திறப்பேன்.

உன் தங்கை,
குட்டி