பலகைக் கதிரை

வெள்ளவத்தை. மார்ச் 12, செவ்வாய்.

மூலநோய் வருத்தத்தை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது? இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரி நோகிறது என்று சொல்லி, நின்றபடியே வேலை செய்தேன். மனேஜர் ஸ்டெல்லா மிஸ் இரக்கப்பட்டு, என் மெத்தைக் கதிரையை எடுத்துவிட்டுப் பலகைக் கதிரை போடுவித்தார்.

"நாரிக்கு இதுதான் நல்லம். இருங்கோ தம்பி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அதில் இருந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

நாலு மணிக்கு அவருடைய அறைக்குப் போய், "மிஸ், நோ நாரியில இல்லை, கொஞ்சம் கீழ" என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். மேசைக்கடியிலிருந்து, நடுவில் ஓட்டையுள்ள குஷன் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"போன வருஷம் முழங்கால் நோ எண்டு லீவு போட்டனான். அது இதுக்குத்தான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பக்கத்து மேசை ரவிக்கும் நாரி நோவாம். பலகைக் கதிரை நாளை அவனுக்குப் போகிறது. உண்மையில் எங்கே நோகிறது என்று காலையிலேயே கேட்க வேண்டும்.