துணியில் இருந்த உங்கள் ஊர்ப் பெரியவர்கள்

அக்கா,

இன்று சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, நீங்கள் தந்த துணியைத் தோய்த்தேன். உங்கள் ஊர்ப் பெரியவர்களின் முகங்கள் அச்சடித்த, கோப்பை துடைக்கிற துணி. பெரிய மனிதர்களின் முகத்தால் கோப்பை துடைப்பதா என்று நான் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியதற்கு எவ்வளவு சிரித்தீர்கள்! "அவையளுக்கு அங்கையே ஒருத்தரும் இவ்வளவு மரியாதை குடுக்கேல்லை" என்றீர்கள்.

புதினம் சொல்கிறேன். மூத்த பேத்தி பல் வைத்தியராகிவிட்டாள். அடுத்தவள் பாலம் கட்டுகிற பொறியியலாளர். பேரன் இப்போதும் ஆங்கிலத்தில் வகுப்பில் முதலாம் ஆள்தான். பதிலுக்கு ஒருவரை இறக்க நீங்கள் இல்லை.

இங்கே நோர்வேயில், குரோருட்டில் நம் கட்டடத்துச் சலவை அறையில், மெஷின் நிற்கும்வரை அதுதானே நம் போட்டி. நான் ஒரு பேரப்பிள்ளையைச் சொல்ல, நீங்கள் ஸ்கொட்லாந்தில் புகைபோக்கிகள் நிறைந்த உங்கள் ஊரிலிருந்து ஒருவரைச் சொல்வீர்கள். கப்பல் இயந்திரம் செய்தவர், நாட்டுக்காகப் பந்தடித்தவர், சண்டை பிடித்து வைத்தியம் படித்த பெண். இருவரும் பேசிக்கொண்டது அரைகுறை நோர்வேஜிய மொழியில்.

"உங்கட ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினம். என்ரை ஆக்கள் இப்பதான் வளருகினம்" என்பேன்.

"சாகாமல் துணியிலை வரேலாது" என்பீர்கள்.

பாரிசவாதம் வந்த பிறகு அந்த அரைகுறையும் உங்களை விட்டுப் போனது. உங்கள் ஊர்ப் பேச்சு மட்டும் குழறிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரித் தாதிக்கும் விளங்கவில்லை. உங்கள் மகள் தூரத்து ஸ்தவாங்கரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். சுரங்கப் பாதைகளில் அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. நீங்களோ என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். தலையணையைத் திருத்தினேன். இல்லை என்று தலையாட்டினீர்கள். போர்வையை இழுத்துவிட்டேன். அதுவும் இல்லை.

என் பேரனைத் தொலைபேசியில் அழைத்து, அதை உங்கள் வாயருகே பிடித்தேன். அவனுடைய ஆங்கிலத்தைப் பற்றி எவ்வளவு புளுகியிருப்பேன்! அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"அம்மம்மா, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இது நான் படிச்ச இங்கிலிஷ் இல்லை."

வேறு வழி தெரியவில்லை. உங்கள் மொழியில் எனக்கு வாயில் வருவது அந்தத் துணியில் இருந்தவர்களின் பெயர்கள் மட்டும்தான். இயந்திரக்காரரில் தொடங்கி வரிசையாகச் சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். ஒரு பெயரை நான் பிழையாகச் சொல்ல, உதட்டோரம் சிரிப்புக்கூட வந்தது. பெயர்கள் முடிந்தன. கண்ணைத் திறந்து, மறுபடியும் அதையே கேட்டீர்கள்.

மகள் வந்து சேர்ந்தபோது உங்கள் கை குளிர்ந்துவிட்டிருந்தது.

"அம்மா கடைசியாய் என்ன கேட்டவ?" என்று என் தோளைப் பிடித்துக் கேட்டாள்.

"உன்னைத்தான் கேட்டவ" என்றேன்.

அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சொன்னது உண்மையாய் இருக்கட்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். சில நேரம் வேறு மாதிரியும் தோன்றுகிறது. யன்னலைத் திறக்கத்தான் சொன்னீர்களோ? அது என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, அக்கா.