வலை தின்னாத கிருமி

3 ஜூன் 2025, செவ்வாய்

மீன்பிடித் துறைமுகம் போனேன். தடைக்காலம், படகுகள் கட்டிக் கிடக்கின்றன. கரை நெடுக உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார்கள்.

தெற்குப் படகுத்துறையில் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியை இந்துமதி ஒரு கம்பிக் கூண்டைக் கடலுக்குள் தொங்கவிட்டிருக்கிறார். உள்ளே தண்ணீர் பாட்டில் துண்டுகள். அவற்றின்மேல் வந்து ஒட்டுகிற பாக்டீரியாக்களில் பிளாஸ்டிக்கைச் சிதைப்பது எது என்று பார்க்கிறார். வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து விடவில்லை. துறைமுகச் சகதியில் ஏற்கெனவே இருப்பதுதான். பிப்ரவரியில் போட்ட கூண்டு, ஆகஸ்ட் வரை கிடந்தாக வேண்டும். நடுவில் ஒரேயடியாகக் கரையேற்றினால் எல்லாம் வீண். மறுபடி அனுமதியும் கிடைக்காதாம்.

பத்திரிகைக்கு நிதானமாக எழுதினேன். இந்தக் கிருமி பாட்டில் பிளாஸ்டிக்கைத்தான் தொடும், வலை நைலானைத் தொடாது என்பதைக் கடைசிப் பத்தியில் அழுத்தமாக வைத்தேன்.

4 ஜூன்

'தூத்துக்குடி கடலில் பிளாஸ்டிக் தின்னும் கிருமி!' — முதல் பக்கம். கடைசிப் பத்தி இல்லை.

செய்தி திருத்தும் டெஸ்க்கில் செந்தில்முருகனைக் கூப்பிட்டேன். "அண்ணே, கடைசி நேரத்துல விளம்பரம் வந்துட்டு. எப்பவும் கீழேருந்துதான வெட்டுவோம்?"

வாஸ்தவம்தான். இது தெரியாமலா கடைசியில் வைத்தேன்?

5 ஜூன்

விடிவதற்குள் பிரைட்டன் போன். இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர், மீனவர் சங்கச் செயலாளர்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா உக்காந்து பொத்துன வலை. பதினாறாம் தேதி கடலுக்குப் போவணும். அத கிருமி திங்கும்னு எழுதிருக்கிய."

"வலைன்னு நான் எழுதல."

"பிளாஸ்டிக்னு எழுதிருக்கியள்லா? வலை என்ன வாழைநாரா?"

அவரைச் சமாதானப்படுத்த நினைத்து, அது புதிதாக வந்த கிருமி இல்லை, எப்போதும் அங்கேயே இருப்பதுதான் என்றேன்.

"அப்போ இத்தன வருசமா எங்க வலையக் கிழிச்சது இந்தச் சனியந்தானா?"

6 ஜூன்

திருத்தம் வந்திருக்கிறது. ஏழாம் பக்கம், 'காணவில்லை' விளம்பரத்துக்குக் கீழே. திருத்தத்தையே காணவில்லை என்று தேட வேண்டியிருந்தது.

7 ஜூன்

வீட்டிலும் நிம்மதியில்லை. சீனித்தாய் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுகிறாள்.

"அந்தக் கூண்டத் தொட்டியளா, இல்லியா?"

தொட்டேன். உண்மையைச் சொல்லித்தானே பழக்கம்.

"அப்போ தண்ணி டிரம் பக்கமே வராதிய. நாலு நாளைக்கு ஒருக்கத்தான் கொழாயில வருது. டிரம்மையும் தின்னுட்டா குளிக்கதுக்கு எங்க போவிய?"

என் மூலக் கட்டுரையை முழுசாகப் படித்துக் காட்டினேன். "இத ஏன் பேப்பர்ல போடல?" என்கிறாள். கட்டிய மனைவியிடம் டெஸ்க்கை விட்டுக்கொடுக்கவும் மனசு வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சங்கக் கூட்டம். கூண்டை இன்றைக்கே தூக்க வேண்டும் என்று பாதிப் பேர். இந்துமதி தனியாளாக எழுந்து நின்று பேசினார். ஆராய்ச்சியே இந்தக் கூண்டில்தான் இருக்கிறது, நைலானை அது தொடவே தொடாது என்றார். யாரும் கேட்பதாக இல்லை.

கடைசியில் பிரைட்டனே வழி சொன்னார். அவர் வலையில் ஒரு துண்டு கூண்டுக்குள் போகும். அடுத்த ஞாயிறு எடுத்துப் பார்ப்பது. ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கூண்டு கரையேறும். இந்துமதி சம்மதித்துவிட்டார். துண்டைப் போட்டு மூடியைக் கட்டியது பிரைட்டன். வேறு யாரையும் கயிற்றைத் தொடவிடவில்லை.

11 ஜூன்

கூண்டுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். கிருமி தப்பித்துவிடாமலா, இந்துமதி ஏதும் செய்துவிடாமலா என்று பிரைட்டனிடம் கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி."

15 ஜூன், ஞாயிறு

கூண்டு மேலே வந்தது. வலைத்துண்டில் ஓட்டை. கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஒன்றில்லை, மூன்று.

"பாத்தியளா! பாத்தியளா!" "தூக்குலே கூண்ட!" ஒரே கூச்சல். இந்துமதிக்கு முகம் செத்துப்போயிற்று. "இருக்காது சார்... இருக்கவே முடியாது..." நான் என்ன செய்ய முடியும்? குறிப்பெடுத்தேன். கைக்கு அதுதான் தெரியும்.

எல்லோருக்கும் காட்டுவதற்காக பிரைட்டன் துண்டை உருவி உயரத் தூக்கினார். அதன் நுனியில் ஒரு நண்டு. விடாமல் பிடித்தபடி தொங்கியது. அரைக் கிலோ தேறும்.

நண்டு வலையைக் கடிக்கும் என்று அந்தக் கரையில் யாருக்குச் சொல்லித்தர வேண்டும்? மூடிக் கயிறு தளர்ந்திருந்தது. எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு பிரைட்டனைப் பார்த்தார்கள்.

"என் கிருமி கண்ணுக்குத் தெரியாது சார்," என்றார் இந்துமதி.

மீன் விற்கிற மரியசெல்வி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "பிரைட்டண்ணே, கிருமிய நல்லா மொளகு போட்டு வையுங்க!"

பிரைட்டனே சிரித்துவிட்டார். கூண்டு மறுபடி கடலுக்குள். நண்டு அவர் வீட்டுக்கு.

16 ஜூன்

படகுகள் போய்த் திரும்பின. வலைகள் முழுசாக இருக்கின்றனவாம். நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நல்ல செய்திக்கு யார் போன் செய்கிறார்கள்?

12 ஆகஸ்ட்

மாதா திருவிழா முடிந்து ஒரு வாரம். இன்றைக்குத்தான் கூண்டை எடுத்தார்கள். துண்டுகளைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டாயிற்று. எடையில் அரை சதவீதம் குறைந்திருக்கிறது. இந்துமதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பிரைட்டன் ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஆறு மாசத்துல இம்புட்டுத்தானா? கூச்சப்படுத புது மாப்பிள்ள கூட இதவிட நல்லாத் திம்பானே டீச்சர்."

பிறகு குரலைத் தணித்து, "பழைய வலை மலையாக் கெடக்கு. காயலாங்கடைக்காரனும் எடுக்க மாட்டேங்கான். அதத் திங்கதுக்கு ஒண்ணு கெடைக்காதா?"

கிடைக்கலாம், சகதியில்தான் தேட வேண்டும் என்றார் இந்துமதி. கிடைத்தால், எடுத்த படகுத்துறையின் பெயரையே அதற்கு வைத்துவிடலாம் என்றும் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம்.

20 ஆகஸ்ட்

வடக்குப் படகுத்துறைக்காரர்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள், வேல்ராஜ் தலைமையில். வலை தின்னும் கிருமியைத் தேடுவதற்கான புதுக் கூண்டும் தெற்கில்தான் என்று பேச்சாம்.

"எங்க பக்கம் என்ன கொறச்சல் அண்ணாச்சி? ஊர்ச் சாக்கடை பூரா எங்ககிட்டதான வருது?"

பின்னாலேயே பிரைட்டனும் வந்துவிட்டார். "ஏலே வேல்ராசு, ஒங்க சகதியில எல போட்டுச் சோறு திங்கலாம்லே. நாத்தம்னா என்னன்னு எங்க பக்கம் வந்து பாரு."

வேல்ராஜ் கையோடு ஒரு டப்பாவில் சகதி கொண்டு வந்திருந்தார். என் மேஜைமேல் வைத்துத் திறந்தார். மின்விசிறியை நிறுத்தினேன். பிரைட்டன் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்து யோசித்தார்.

"இருக்கு," என்று ஒப்புக்கொண்டார். "ஆனா எங்களுது மாதிரி இல்ல."

இந்துமதிக்குப் போன் செய்தேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரெண்டு பக்கமும் கூண்டு போட்டுருவோம் சார் என்றார்.

அதற்குப் பிறகும் அவர்கள் போகவில்லை. செய்தியில் எந்தத் துறை முதலில் வரும் என்று தகராறு. 'இரு துறைகளின் சகதியும் சம அளவில் நாறுகிறது' என்று முதல் வரியாக எழுதி, வாசித்துக் காட்டினேன். இரு தரப்பும் திருப்தியாகக் கிளம்பியது.