வாசலில் கட்டிய வேப்பிலை

ஆவணி 9, வெள்ளி.

கோட்டைக்குப்பத்தில் அம்மை பரவுகிறது. அங்கே வாழும் தங்கை இங்கே வந்துவிடக் கூடாதென்று, நோயே இல்லாத என் வீட்டு வாசலில் நேற்று வேப்பிலை கட்டினேன். வேப்பிலை தொங்கினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

இன்று ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டை வேலை முடிந்து வந்தபோது, மகள் கரியால் சுவரில் படம் வரைந்திருந்தாள். உள்ளே நான், மனைவி, மகள் மூவரும் சோறு தின்கிறோம். வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுகிறாள்.

"யாரு இது?"

"அத்தை, நைனா. மத்தியானம் வந்துச்சு. நமக்குத்தான் அம்மைனு அழுதுச்சு. இளநீர வாசல்ல வெச்சு, கும்புட்டுட்டுப் போச்சு. நோவு இல்லன்னு யாருகிட்டயும் சொல்லாதன்னியே, அதான் நான் கூப்புடல."

சுவரைக் கழுவிவிட்டேன். இளநீரையும் குடித்துவிட்டோம். வேப்பிலையை மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை.