கணக்கில் வராத நூற்றெண்பது கிலோ

மே 12, திங்கள்

கேரவன் வந்து சேர்ந்தது. பதினான்கு அடி, ஒற்றை அச்சு, உள்ளே கட்டிலும் அடுப்பும், வெள்ளை உடம்பில் பச்சைக் கோடு. ஹார்வி பேயிலிருந்து நானே காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்தேன். எங்கள் ஊர் கிங்கரோய் வரும் வரை சாலையில் போனவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துக் கையைக்கூடக் காட்டினான். தொழில் தெரிந்தவனைத் தொழில் தெரிந்தவனுக்குத்தான் அடையாளம் தெரியும். அது மரியாதைக் கை இல்லை, வேறு கை என்கிறாள் என் மனைவி நோலீன். அவளுக்கு என்ன தெரியும்? வடக்குக் கோடியில் இருக்கும் டார்வின் நகரத்துக்கு மூன்று டிரெய்லர் கோத்து லாரி ஓட்டியவன் நான்.

விற்றவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அளவுக்கு மீறி நல்லவனாக இருந்தான். தேநீர் கொடுத்தான், கூடவே பூசணி போட்டுச் சுட்ட ஸ்கோன் பன். வண்டி விற்கிறவன் எதற்கு ஸ்கோன் தருகிறான்? அதனால் வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக் குழாயைச் சொருகி, அடியில் இருக்கும் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பினேன். ஒவ்வொன்றும் எண்பது லிட்டர். கீழே மல்லாந்து படுத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நாளைக்குத் திறந்துவிட வேண்டும்.

கதவோரம் தொட்டியின் அளவைக் காட்டச் சின்ன விளக்குகள் வைத்திருக்கிறான். பொத்தானை அழுத்தினால் எரியுமாம். தட்டிப் பார்த்தே சொல்லத் தெரியாதவர்களுக்கு அது.

மே 13, செவ்வாய்

நாள் முழுக்க மழை. வெளியே கால் வைக்கவில்லை.

இந்த நோட்டு, நோலீனின் தங்கை டாஃப்னியின் மகள் டெகன் கொடுத்தது. "பெரியப்பா, உங்க கதையெல்லாம் இதுல எழுதி வைங்க. எழுதும்போதாவது ஒரே மாதிரி வருதான்னு பாப்போம்" என்றாள். அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. இன்னும் பிடிபடவில்லை.

மே 16, வெள்ளி

வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். ரோமா, பிளாக்கால், லாங்ரீச், வின்டன், க்ளோன்கரி. கடைசியில் கரும்பா என்ற ஊர், அப்புறம் கடல். கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிலோமீட்டர். எனக்கு இது பால் வாங்கப் போகிற தூரம்.

ஜூன் 14 சனிக்கிழமை காலை கிளம்புவதாக பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டு வாசலிலேயே சாசேஜ் சுட்டு வழியனுப்புகிறார்களாம். முப்பது பேராவது வருவார்கள். சரி, பன்னிரண்டு பேர்.

நோலீன் ஒன்றே ஒன்று கேட்டாள். கையால் சுற்றும் அவளுடைய இரும்புத் தையல் மிஷின் வரவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் பழைய துணிக்கடையில் ஒரு துணி வாங்கி, ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டுக்கொண்டே போவாளாம். கரும்பாவில் கடைசித் துண்டு, அங்கே போர்வை முடியும். முப்பது வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீனில் இறைச்சி பப்ஸ் சூடாக்கியவள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அடுத்த வருஷம் போகலாம் என்று சொல்லி வந்தவன் நான். மிஷின் பதினான்கு கிலோ. வரட்டும் என்றேன்.

மே 24, சனி

சாமான் எல்லாம் ஏற்றி, கடலைக் கிடங்குக்குப் பக்கத்து எடைமேடைக்குக் கொண்டுபோனேன். கேரவனில் அடித்திருக்கும் தகட்டின்படி ஆயிரத்து அறுநூறு கிலோவைத் தாண்டக்கூடாது. எடைமேடைக்காரன் கெல்வின் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் சீட்டைப் பார்த்தான்.

"பெரியவரே, நூத்தி எண்பது ஜாஸ்தி. இப்படியே போனா எறக்கத்துல வண்டி வாலாட்டும். ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான்."

நூற்றெண்பது! அது இரண்டு நோலீன், மேலே ஒரு நாய். எப்படி வரும்? என் சாமான் எல்லாம் சேர்ந்தால்கூட ஐம்பதைத் தாண்டாது. மீன்பிடிக் கருவிகளை எடையில் சேர்க்கவில்லை, அவை அவசியம்.

எடைமேடை தப்பா? கெல்வினின் அப்பன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு என் மேல் பொறாமை. இல்லை, விற்றவன் அடியில் எங்காவது ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டானா?

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நோலீன் கேட்டாள். நிறைய என்றேன். மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை.

மே 25, ஞாயிறு

கேரவனுக்கு அடியில் டார்ச்சோடு இரண்டு மணி நேரம். ஈயம் இல்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

மே 29, வியாழன்

எழுதி வைக்கிறேன், பின்னால் உதவும். பகல் பதினொன்றே கால். டாஃப்னியின் கார் கேரவனை ஒட்டி நின்றது. காரின் டிக்கி திறந்திருந்தது. கேரவன் கதவு அந்தப் பக்கம், அதனால் ஷெட்டிலிருந்து பார்த்தால் அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. நான்கு கால். போகும், வரும், போகும். இருபது நிமிஷம். ஏதோ கனமானதைத் தூக்குகிறவர்களின் நடை. எனக்குத் தெரியாதா அந்த நடை?

உள்ளே போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "சும்மா, தொடச்சோம்" என்றாள் நோலீன்.

கொடியில் ஒரு துணிகூட ஈரமில்லை.

மே 30, வெள்ளி

கேரவன் கதவிடுக்கில் ஒரு கடலைத் தோடு வைத்திருக்கிறேன். யாராவது திறந்தால் விழும். துப்பறிகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மே 31, சனி

தோடு கீழே கிடக்கிறது.

ஜூன் 2, திங்கள்

மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்திருக்கிறது. படியில் செம்மண் தடம். டாஃப்னியின் செருப்பு அளவு.

இவர்கள் ஏற்றுகிறார்கள். என்னத்தை? ஜாம் பாட்டில்களா? அக்காவும் தங்கையும் சேர்ந்தால் அறுபது பாட்டில் போடுவார்கள். இல்லை, செங்கல்லா? கேட்டால் சொல்லமாட்டாள். சொல்லாதவளிடம் கேட்டுப் பயனில்லை.

நான் இன்று இருட்டியபின், இரும்பை வைத்து அடிக்கிற சின்னப் பட்டறைக்கல்லையும் இன்னொரு ஜாக்கியையும் உள்ளே வைத்தேன். இறுக்கிப் பிடிக்கிற வைஸும் இருக்கட்டும். வழியில் எது உடையும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் எடை என்று சொல்லக்கூடாது, முன்யோசனை.

ஜூன் 5, வியாழன்

இரண்டாவது தடவை எடைமேடை. நான்கு கிலோ கூடியிருக்கிறது. குறையவில்லை, கூடியிருக்கிறது.

கெல்வின் தலையைச் சொறிந்தான். "தொட்டில தண்ணி கிண்ணி இருக்கா பெரியவரே?" என்றான். ரயில் மாதிரி லாரி ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா இது? தண்ணீரைச் சுமந்துகொண்டு எடை போட வருகிற ஆள் நானில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நோலீனுக்கு வர விருப்பமில்லை. வாயால் சொல்ல மனமில்லாமல், தங்கையைக் கூட்டிக்கொண்டு எடையை ஏற்றிக்கொண்டே இருக்கிறாள். 14ஆம் தேதி வண்டி நகராது. சாசேஜைத் தின்றுகொண்டே ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

மூன்று வாரமாக அந்த வரைபடத்தை அவள் மடித்து எடுத்து வைக்கவேயில்லை. அதன் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம். அப்படியிருக்க ஏன்?

ஜூன் 7, சனி

கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ — இல்ல, கேட்டது சரிதான்.

கால் தடம், தோடு, நான்கு கால், எல்லாவற்றையும் தேதி வாரியாகச் சொன்னேன். எங்க ஒளிச்சு வெச்சிருக்கன்னு கேட்டேன். வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லுன்னு கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியைத் திரும்பவும் பிரித்து மடித்தாள்.

"கடலத் தோடு வெச்சியா? எனக்கா?" என்றாள்.

ஆமா என்றேன். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது.

"நாப்பத்தொரு வருஷம் நெவில். கிளப்புல நீ டார்வின் கதை சொல்லும்போதெல்லாம் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நீ ஓட்டினது ரொட்டி வண்டின்னு ஒரு நாள் ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்திருக்கேனா? நீ எனக்குக் கதவுல தோடு வெக்கிற."

டாஃப்னி வந்து கூட்டிக்கொண்டு போனாள். நோலீன் ஒரு சின்னப் பைதான் எடுத்துப் போனாள். நீயே போயிட்டு வா, நான் வரலன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

பாத்தியா, வர இஷ்டமில்லதான். நான் சொன்னேன்ல.

ஜூன் 8, ஞாயிறு

முட்டை பொரித்தேன். கருகிவிட்டது. எனக்குக் கருகியதுதான் பிடிக்கும்.

ஜூன் 9, திங்கள்

டாஃப்னியிடம் போய் நியாயம் கேட்பதற்காக இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன், ஆதாரம் திரட்ட. மே 29 இருக்கிறது. மே 31 இருக்கிறது. எல்லாவற்றையும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே முதல் பக்கத்துக்குப் போனேன்.

"நாளைக்குத் திறந்துவிட வேண்டும்."

என் கையெழுத்து. மறுநாள் மழை. அதுவும் என் கையெழுத்துத்தான்.

ஸ்வெட்டர்கூடப் போடாமல் வெளியே போனேன். கதவோரப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு தொட்டிக்கும் எல்லா விளக்கும் எரிந்தன, வரிசையாக, ஒன்றுவிடாமல்.

தொட்டிகளின் அடைப்பைத் திருகித் திறந்தேன். ஓடியது. செம்மண்ணில் வாய்க்கால் பிடித்து, கேட்டைத் தாண்டி, தெரு வரைக்கும் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டி என்ன நெவில் என்றார். சோதனை என்றேன். முக்கால் மணி நேரம் நின்றேன். நூற்றறுபது லிட்டர், நூற்றறுபது கிலோ. இதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்கவே வேண்டாம்.

அப்புறம் உள்ளே போய், அவள் என்னதான் ஏற்றினாள் என்று அலமாரிகளைத் திறந்தேன். அவள் பக்கம் காலி. கம்பளி இல்லை. தட்டுகள் இல்லை. ஜன்னலோரம் மிஷின் வைக்கப் பிடித்திருந்த பலகையில் மிஷின் இல்லை.

என் பட்டறைக்கல் மட்டும் தரை நடுவில், ராஜா மாதிரி.

நான்கு கால்களும் ஏற்றவில்லை. இறக்கியிருக்கின்றன.

ஜூன் 10, செவ்வாய்

டாஃப்னி வீடு. போகும் வழியில் காரில் ஒரு பேச்சுத் தயார் செய்தேன்: தொட்டியின் வடிவமைப்பிலேயே ஒரு கோளாறு, நிபுணர்கள்கூட ஏமாந்துபோகிற மாதிரி, விற்றவன் வேண்டுமென்றே மறைத்தது. நல்ல பேச்சு.

கராஜ் கதவு திறந்திருந்தது. இஸ்திரி மேசை மேல் மிஷின், கம்பளி, செய்தித்தாளில் சுற்றிய தட்டுகள், அவளுடைய குளிர்கோட்டு. "என்ன அத்தான் பாக்குற? உன் கல்லு போறதுக்கு எடம் வேணும்ல" என்றாள் டாஃப்னி. பிறகு உள்ளே போய்விட்டாள்.

நோலீன் வந்து நின்றாள். அந்தப் பேச்சு காரிலேயே தங்கிவிட்டது.

"தண்ணி," என்றேன். "ரெண்டு தொட்டியும். நான்தான் நெரப்புனேன். தொறந்துவிட மறந்துட்டேன்."

"எப்ப?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே."

அவள் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலு கிலோ குறையுமா, அஞ்சு கிலோ குறையுமான்னு கரண்டிகூட எடுத்து எறக்கினேன்," என்றாள்.

மிஷினை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துட்டுப் போ. நான் வர்றேன்னு அதுக்கு அர்த்தமில்ல."

ஜூன் 11, புதன்

நான் ஓட்டியது டார்வினுக்கு இல்லை. கிங்கரோயிலிருந்து நானாங்கோ, திரும்பி கிங்கரோய். பத்தொன்பது வருஷம். ரொட்டி, பன், சனிக்கிழமைகளில் லாமிங்டன் கேக். நல்ல வேலைதான் அது. எழுதிப் பார்த்தேன்.

ஜூன் 12, வியாழன்

பட்டறைக்கல், இரண்டு ஜாக்கியில் ஒன்று, வைஸ், பெரிய டூல் பெட்டி எல்லாவற்றையும் இறக்கினேன். மொத்தம் அறுபத்திரண்டு கிலோ இரும்பு. அவள் சாமானை ஏற்றினேன், தட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாள்கூடக் கசங்காமல். தண்ணீரைத் தங்குகிற இடத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

எடைமேடை: ஆயிரத்து ஐநூற்றுத் தொண்ணூற்று நான்கு.

எதை எடுத்தீங்க என்று கெல்வின் கேட்டான். என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தது, மூன்றும் நன்றாக இருந்தது. தண்ணீர் என்று சொன்னேன். வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வருவார்கள் என்றான் அவன். எனக்காகச் சொல்கிறானோ என்று சந்தேகம்.

ஜூன் 14, சனி

எட்டு பேர் வந்தார்கள். சாசேஜ் நன்றாக வெந்திருந்தது. ஏழரைக்குக் கிளம்புவதாக இருந்தேன். எட்டாகியும் பின்விளக்கை இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை சரிபார்த்துக்கொண்டே இருந்தேன்.

எட்டேகாலுக்கு டாஃப்னியின் கார் வந்தது. நோலீன் பிளாஸ்க்கோடு இறங்கினாள். நேராகக் கேரவனுக்குப் போய், கதவைத் திறந்து, பொத்தானை அழுத்தினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 22, ஞாயிறு, வின்டன்

இங்கே கேரவன்கள் தங்கும் மைதானத்தில் நாலு மணி ஆனதும் எல்லாரும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்துக் கேரவன்காரன் ஸ்கோன் கொடுத்தான். அவனுக்கு என்ன வேண்டுமோ தெரியவில்லை. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

போர்வையில் ஐந்து துண்டு சேர்ந்திருக்கிறது. ரோமாவில் அன்னாசிப்பழம் போட்ட திரைச்சீலை, பிளாக்காலில் யாரோ ஒருவரின் கோடுபோட்ட பைஜாமா. தொட்டிகளை நோலீன்தான் பார்த்துக்கொள்கிறாள். நான் குழாயைப் பிடிக்கிறேன், அவள் போதும் என்றால் நிறுத்துகிறேன்.

தன் வண்டி ஏன் இவ்வளவு கனக்கிறது என்று புரியவில்லை என்றான் ஸ்கோன்காரன். அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் உன் தொட்டியைப் பார் என்று சொல்லி, எங்கள் கதையை முழுக்கச் சொன்னேன், தோடு உட்பட. நீங்கள் லாரி டிரைவரா என்று ஒருவர் கேட்டார். நோலீன் தையலிலிருந்து தலை நிமிர்ந்தாள். ரொட்டி வண்டி என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நோலீனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "நானூறு லிட்டர் தண்ணி! தெருவே மெதந்துச்சு, பக்கத்து வீட்டு நாய் நீந்திப் போச்சு" என்றாள்.

நூற்றறுபதுதான், நாயெல்லாம் இல்லை என்று நான் திருத்தினேன்.