சிவப்புக் கீரையும் சாயப்பட்டறைக் கிணறும்

அக்கா,

இன்று காலை சிவப்புத் தண்டுக்கீரையை அரிந்து தண்ணீரில் போட்டேன். பாத்திரம் முழுக்க ரோஸ் நிறம். கீரையைச் சுற்றியிருந்த தாளில் 'இயற்கை முறையில் விளைந்தது' என்று அச்சடித்திருந்தார்கள். யார் தோட்டம், எந்த ஊர், ஒன்றும் இல்லை. வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

ஆரணியில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறை; அதைத் தாண்டினால் உங்கள் தோட்டம். கத்தரிக்கு நடுவே சாமந்தி, வெண்டைக்கு ஓரத்தில் சோளம், வேலி முழுக்கப் பாகல். சோளத்துக்கு வரும் குருவிகள் புழுக்களையும் தின்றுவிட்டுப் போகும். மருந்து வாசமே அங்கே வந்ததில்லை. வேதியியல் பட்டம் வாங்கியும் யாரிடம் வேலை கேட்பது என்று தெரியாமல் வீட்டில் கிடந்த என்னை, காய் விற்கப் போகும்போது பேச்சுத் துணைக்கென்று கூட்டிப் போனீர்கள். நெசவாளர் தெருவில் நீங்கள் கூவுவீர்கள். நான் விலைகூடச் சொல்லாமல் கட்டுகளை எடுத்துக் கொடுப்பேன்.

அந்தத் தெருவுக்கு எதிலும் சந்தேகம். கத்தரிக்காயில் ஓட்டை இல்லையென்றால், "திருட்டுத்தனமா மருந்து அடிக்கிறியா?" ஓட்டை இருந்தால், "புழுவையும் சேத்து எட போடறியா?"

ஒருநாள் தெருக்கோடி வீட்டு அம்மா தறியிலிருந்து எழுந்து, கீரை கழுவிய பாத்திரத்தோடு வந்தார்.

"இன்னாடி இது, சாயம் போவுது! உங்க பட்டறத் தண்ணியத்தான பாய்ச்சற?"

புடவையை நனைத்துச் சாயம் நிற்கிறதா என்று பார்த்தே பழகிய தெரு அது. நிறம் பிரிந்தால் சாயம்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். எடுத்த கட்டுகள் கூடைக்குத் திரும்பின. நீங்கள் வீட்டுக்கு ஓடி, சாயம் ஏறாத வெள்ளைப் பட்டுநூல் கொஞ்சம் கொண்டுவந்தீர்கள். அந்தச் சிவப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசினீர்கள். நூல் வெள்ளையாகவே வந்தது.

"பாருங்க. சாயமா இருந்தா பட்டு நூல உடுமா?"

"உங்க ஊட்டுக்காரர் போடற சாயமும் ஒரே அலசுல இப்டித்தான் போவுது!" என்றார் அந்த அம்மா. தெருவே சிரித்தது; நீங்களும் சிரித்தீர்கள். கூடை காலியானது.

திரும்பும் வழியில்தான் நின்றீர்கள். "கீரைல சாயம் இல்ல, சரி. கெணத்துல?"

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த கிணற்றை ஒட்டித்தான் பட்டறைக் கழிவுநீர் ஓடியது. நான் ஒரு பாட்டில் தண்ணீரை என் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். பார்த்த வரையில் ஒன்றும் இல்லை, ஆனால் சாயத்தில் சேர்க்கும் எல்லாவற்றையும் பார்க்க இங்கே வசதியில்லை என்றார்கள். முதல் பாதியை மட்டும் சந்தோஷமாகச் சொன்னேன். நீங்கள் விடவில்லை.

"எல்லாத்தையும் பாத்தாங்களா?"

"இல்லக்கா. அதுக்கு அங்க வசதி இல்லியாம்."

"அப்ப தெர்லன்னு சொல்லு."

உங்கள் வீட்டுக்காரர் எரிச்சலானார். "பேஜார் பண்ணாத. தண்ணி கண்ணாடி மாதிரி கீது."

"நூல அலசி அலசி கடைசில தண்ணி கண்ணாடி மாதிரிதான் ஆவுது. மொதல்ல போன சாயம் எங்க போச்சு?"



அந்த வாரமே காய்த்துக்கொண்டிருந்த கத்தரியையும் வெண்டையையும் பிடுங்கிப் போட்டீர்கள். கீரைப் பாத்தியைக் கொத்தினீர்கள். நான் பாகல் கொடியை வேலியிலிருந்து பிரித்தேன். அதற்குப் பிறகு அந்த மண்ணில் சாமந்தியும் கனகாம்பரமும் மட்டும்தான். பூ யாரும் தின்பதில்லை என்றீர்கள்.

கோடி வீட்டு அம்மாவே தேடி வந்தார். "ஏண்டி, வெண்டக்கா இல்லியா? நாங்கதான் இப்ப ஒண்ணும் சொல்லலியே!"

"நீங்க சொல்லல. நான் சொல்றேன்."

இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில்தான் எனக்கு வேலை. ஒன்றும் தென்படாத தண்ணீருக்கு மற்றவர்கள் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். நான் 'பார்த்த வரையில் தென்படவில்லை' என்று எழுதி, எதையெல்லாம் பார்க்கவில்லை என்பதையும் கீழே சேர்க்கிறேன். பாட்டில் கொண்டுவந்தவர்களுக்குக் கோபம் வருகிறது.

"குடிக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம்."

எனக்கு இன்னமும் முகம் சூடாகிறது, அக்கா. ஆனாலும் நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறேன்: "தெரியலைங்க."